கரடு, இட்டேரி, கொறங்காடு: ஊர்வன கணக்கெடுக்கும் வேலை

ஸ்பெயினிலோ கிரீஸிலோ ஒரு காப்பகத்தில் பல்லியும் பாம்பும் ஆமையும் எண்ணப் போகிறவருக்குப் பருவம் தெளிவானது. குளிர்காலத்தில் பெரும்பாலானவை வளைக்குள் முடங்கிக் கிடக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் காய வெளியே வரும். வெயிலடிக்கும், காற்றடங்கிய முற்பகலில், பழைய கல்கட்டுச் சுவர்களை ஒட்டி மெதுவாக நடந்தால் பாதி வேலை முடிந்தது. மத்தியதரைக் கடலோரத்தை மனதில் வைத்து எழுதிய கையேடுகள் இதைத்தான் சொல்கின்றன. அங்கே அது சரி. அதே ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு சித்திரை மாதம் பதினொரு மணிக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தில், இறங்கினால், இரண்டு ஓணானையும் ஒரு விசிறித்தொண்டை ஓணானையும் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அந்த "ஒன்றும் இல்லை" என்ற குறிப்பில்தான் சிக்கல் இருக்கிறது. காணவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன வெப்பத்தில், எப்படித் தேடினார்கள் என்ற விவரம் கூடவே இருந்தால்தான் "காணவில்லை" என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. அது இல்லாத பட்டியல், எத்தனை அழகான படங்களோடு வந்தாலும், அடுத்த முறை அதே இடத்துக்குப் போகிறவருக்கு உதவாது.

எங்கே தேடுவது

கொங்கு நாட்டில் ஊர்வன என்றதும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், ஆனைமலை என்று மலைப்பக்கம்தான் எல்லாருக்கும் ஓடும். 2024-ல் அறிவிக்கப்பட்ட, அந்தியூர் பக்கத்து தந்தை பெரியார் சரணாலயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. மலைக்கு மேலே வேறு உலகம். ஈரக்காட்டு இனங்கள், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் எல்லாம் அங்கே. அதற்கு வேறு முறை வேண்டும். இங்கே பேசுவது அடிவாரத்து முள்காடும், அதற்குக் கீழே நீளும் காய்ந்த சமவெளியும்.

சமவெளியில் கவனிக்க வேண்டியவை மூன்று. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப்புல் வளர்த்து, இடையிடையே வெள்வேலமரம் நிற்கும் கொறங்காடு ஒன்று. இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவே வண்டித்தடம் என்றிருக்கும் இட்டேரி இன்னொன்று. மூன்றாவது கரடு: பாறையும் சரளையும் கள்ளியுமாக நிற்கும் சின்னக் குன்றுகள். பறவைக்காரர்கள் வெள்ளோடு ஏரிக்கும் நஞ்சராயன் குளத்துக்கும் போவார்கள். ஊர்வன தேடுகிறவர் அதே குளங்களுக்குப் போனாலும் கரையையும் கரைக்கு வெளியே இருக்கும் வேலியையும்தான் பார்க்க வேண்டும். என் கணிப்பில் ஒரு நல்ல பழைய இட்டேரியின் நூறு மீட்டர், வெறும் மேய்ச்சல் வெளியின் அரைக் கிலோமீட்டருக்குச் சமம். வேலியடி நிழல், சருகு, எலிவளை, கறையான் புற்று, பழைய கல்குவியல் எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும் இடம் வேறெது? இட்டேரியை அகலப்படுத்தித் தார் போட்டால் முதலில் போவது இதுதான்.

காப்பகத்துக்குள் ஒரு முறையும் வெளியே வேறு முறையும் வைக்காதீர்கள். உள்ளே பத்து நாள் பொறி வைத்துப் பிடித்ததையும் வெளியே ஒரு காலை நடையில் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "காப்பகத்தில் வகை அதிகம்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதிகமானது வகையா, உழைப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பழைய உறவு

மத்தியதரைக் கடல் பக்கத்து ஏடுகளை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். நம் காய்ந்த நிலத்து ஊர்வனவுக்கும் அந்தப் பக்கத்துக்கும் உறவு உண்டு. கரட்டுச் சரளையில் விருட்டென்று ஓடி நிற்கும், இமை மூடாத பாம்புக்கண் பல்லி ஓபிசாப்ஸ் பேரினத்தது. அதே பேரினத்தின் இன்னொரு வகை துருக்கியிலும் கிரேக்கத் தீவுகளிலும் சைப்ரஸிலும் ஓடுகிறது. நம் பச்சோந்திக்கு அங்கே நேரடிப் பங்காளி இருக்கிறது. நம் மண்ணுளிப்பாம்பின் பேரினமான எரிக்ஸும் அங்கே உண்டு. நம் பூந்தொட்டிகளில் மண்புழுவென்று நினைத்துத் தூக்கிப் போடப்படும் புழுப்பாம்பு ஆண் இல்லாமலேயே பெருகும் வகை. ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும், குடும்பம் உண்டாகிவிடும். செடி மண்ணோடு பயணம் செய்து அது அந்தக் கடலோர நாடுகளிலும் குடியேறிவிட்டது.

அங்கே கல்கட்டுச் சுவரைத் தேடு என்று சொன்னால் இங்கே காட்டோரக் கல்குவியலையும், இடிந்த சாளையின் (தோட்டத்துக் குடிசையின்) சுவரையும், கிணற்று மேட்டையும் தேடு என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது பருவம்.

எப்போது போவது

இங்கே ஊர்வனவை வெளியே கொண்டுவருவது வெப்பத்தை விட மழை. வடகிழக்குப் பருவமழை பிடித்து, ஐப்பசியில் மண் நனைந்த பிறகு வரும் ஆறேழு வாரம்தான் பாம்புக்கும் அரணைக்கும் ஆமைக்கும் நல்ல காலம். அதற்கு முன்னோட்டமாகச் சித்திரை, வைகாசியில் இடியோடு கொட்டும் கோடைமழை. அப்படி ஒரு மழை பெய்த அன்று இரவும் மறுநாள் காலையும் மற்ற வேலையை ஒத்திவைத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் எல்லா வகைக்கும் ஒரே காலம் இல்லை. விசிறித்தொண்டை ஓணானின் ஆண்கள் கோடையில்தான் கல்மேல் ஏறி விசிறியை விரித்துக் காட்டும். முப்பது மீட்டர் தள்ளி இருந்தே எண்ணலாம். ஐப்பசியில் அதே இடத்தில் அவை புல்லோடு புல்லாகப் போய்விடும். ஆகவே கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் வரும் தை மாசி என்று வருடத்தில் மூன்று சுற்றாவது வேண்டும்.

விட்டுவிடத் தக்கது ஆனியும் ஆடியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தாராபுரம், பல்லடம் பக்கம் நாள் முழுக்க அடிக்கும். புல்லும் செடியும் எல்லாம் ஆடும்போது, ஒரு வால் அசைவதைக் கண் பிடிக்காது. பல்லியும் காற்றுக்கு ஒதுங்கிக் கல்லடியில் கிடக்கும். அந்தக் காலத்தில் போயே ஆக வேண்டுமென்றால் காற்றின் அளவை ஏட்டில் குறித்துவிட்டுப் போங்கள்.

நேரம்: கோடையில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, மாலை நாலரைக்கு மேல். மழைக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு, எட்டு முதல் பதினொன்று வரை. இரவில் ஏழு முதல் பத்து. நிலவு முழுசாக இருக்கும் இரவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

வெப்பத்தைக் குறிப்பதில் எல்லாரும் ஒரே மாதிரி தவறுவார்கள். துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை நின்றபடியே தரையைப் பார்த்து அமுக்குவார்கள். அதன் அட்டையில் 12:1 என்று போட்டிருந்தால், 120 சென்டிமீட்டர் தள்ளி நின்று அமுக்கும்போது அது 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத்தான் காட்டுகிறது: பாதி கல், பாதி நிழல், நடுவே எங்கேயோ பல்லி இருந்த இடம். குனிந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் வட்டம் இரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கும். பளபளக்கும் வெங்கச்சாங்கல்லின் மேல் பிடித்தால் எண் நம்பத் தகாது. பக்கத்து மண்ணில் பிடியுங்கள். காற்றின் வெப்பத்தை நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சாதாரண வெப்பமானியால் எடுங்கள்.

உழைப்பைப் பங்கிடுவது

சிறு குழுவால் முடிகிற ஓர் அமைப்பு இது. கொறங்காடு, இட்டேரி, கரடு, ஓடைப்பள்ளம், முள்காடு என்று ஐந்து வகை நிலம். ஒவ்வொன்றிலும் ஆறு இடம். ஒன்றுக்கொன்று குறைந்தது 250 மீட்டர் தள்ளி. மொத்தம் முப்பது. ஒரு பருவத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் அரை மணி நேரம், அதாவது ஓர் ஆள்மணி. பருவத்துக்கு 120 ஆள்மணி, மூன்று பருவத்துக்கு 360. இதில் மூன்றில் ஒரு பங்கு இரவில் இருக்கட்டும்.

இடங்களை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். காட்டுக்குப் போய், "இது நல்லா இருக்குதே" என்று தோன்றுகிற கல்குவியலைத் தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கை ஏறும், ஆனால் அது அந்த நிலத்தைப் பற்றிய எண் ஆகாது. அரை மணிக்குள் எதையாவது பிடித்து அளக்க நேர்ந்தால், அளக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் நிறுத்தி வையுங்கள். தேடிய நேரம் மட்டும்தான் கணக்கு.

ஏட்டில் வர வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஆட்கள், மேகம், காற்று, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள், வெப்பம் இரண்டும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் தசமத்தில் ஐந்து இடம். ஐந்தாம் இடம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கைபேசியின் பிழையே ஐந்து மீட்டர் இருக்கும்போது அதற்கு மேல் எழுதி என்ன பயன்? பிறகு ஒவ்வொரு விலங்குக்கும் வகை, என்ன செய்துகொண்டிருந்தது, எதன் மேல் அல்லது எதன் அடியில், தரையிலிருந்து எவ்வளவு உயரம். ஒன்றும் காணாத அரை மணிக்கும் முழு வரி எழுத வேண்டும். சுழியம் எழுதக் கை கூசும். பலர் அந்தத் தாளையே பையில் மடித்து வைத்துவிடுவார்கள். கடைசியில் கணக்குப் போடும்போது அந்தச் சுழியங்கள் இல்லாமல் எதையும் போட முடியாது.

நடை

நூறு மீட்டரை இருபது நிமிடத்துக்குக் குறையாமல் நடங்கள். பத்தடி முன்னால் பார்த்து, நின்று, பிறகு காலடி. நிழல் முன்னால் விழாதபடி வெயிலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தரையையும் கல்லையும் பார்க்க, மற்றவர் இடுப்புக்கு மேலே கிளையையும் மரப்பட்டையையும் பார்க்கட்டும். இரண்டு பேரும் தரையையே பார்த்தால் கொம்பேறி மூக்கனும் பச்சைப்பாம்பும் பட்டியலில் ஏறவே ஏறாது.

கல் புரட்டுவதற்கு மூன்றடி நீளக் கொக்கிக் கம்பி. கல்லின் எதிர்ப்பக்க விளிம்பில் கொக்கியை மாட்டி, உங்கள் பக்கமாக இழுத்துச் சாய்க்க வேண்டும். அப்போது வாய் எதிர்ப்பக்கம் திறக்கும். உள்ளே இருக்கும் சுருட்டை விரியனுக்கும் உங்கள் காலுக்கும் நடுவே கல்லே தடுப்பாக நிற்கும். விரலை அடியில் கொடுத்துத் தூக்குவது விரியனுக்கு மட்டுமல்ல, தேளுக்கும் விருந்து. பார்த்த பிறகு கல்லை எந்தப் பள்ளத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வைக்க வேண்டும். விலங்கை முதலில் நகர்த்திவிட்டு, கல்லை வைத்து, பிறகு ஓரத்தில் விட்டால் தானே உள்ளே போகும். அடியில் காலகாலமாகச் சேர்ந்த ஈரம் ஒரு முறை தப்பாக வைத்தாலே காய்ந்துவிடும். அடுத்த பருவத்தில் அந்தக் கல் வெறும் கல்.

இரவில் நெற்றி விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் கட்டினால் பல்லிகளின் கண்மினுக்கம் தெரியும். பாம்புக்கு அதை நம்ப வேண்டாம். பகலில் கண்ணெதிரே இருந்தும் தெரியாத பச்சோந்தி இரவில் வெளிறிப்போய்க் கிளை நுனியில் தூங்கும். விளக்கு பட்டதும் காகிதத் துண்டு போலத் தனித்துத் தெரியும். பச்சோந்தி எண்ணிக்கைக்குப் பகல் நடையை நம்பியவர்கள் குறைத்தே எழுதியிருப்பார்கள். கறையான் புற்றுப் பக்கம் தரையில் நடமாடும் பட்டைப்பல்லியும் இரவுக்காரர்தான்.

வாளிப்பொறி

கண்ணுக்குப் படாத அரணை, பாம்பரணை, சின்னப் பாம்புகளுக்கு வேலியும் வாளியும் வேண்டும். மூன்று கை கொண்ட அமைப்பு போதும்: ஒவ்வொரு கையும் 7.5 மீட்டர், நடுவில் ஒரு வாளி, கை நுனிகளில் மூன்று. 20 லிட்டர் பெயின்ட் வாளி சரியான அளவு. வேலிக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை 60 சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்து, பத்து சென்டிமீட்டரை மண்ணுக்குள் புதைத்து, ஒன்றரை மீட்டருக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். பசுமைக்குடில் நிழல்வலை வேண்டாம். ஓணான் அதில் ஏணி ஏறுவது போல ஏறிப் போய்விடும். படம் அச்சடித்த பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டுவது நல்லது. முள்காட்டு நடுவில் ஒரு தலைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பது மாடுகளுக்கே ஆகாது.

இங்கே வாளி புதைப்பதில் பெரிய எதிரி சுக்கான்கல். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே கடப்பாரைக்கும் மசியாத படுகை. ஆழம் கிடைக்காமல் வாளி விளிம்பு இரண்டு விரல் மேலே நின்றாலும் பொறி வேலை செய்யாது. பல்லி விளிம்பில் முட்டிச் சுற்றிக்கொண்டு போய்விடும். விளிம்பு தரைக்குச் சமமாகவோ ஒரு விரல் கீழாகவோ இருக்க வேண்டும். முடியாத இடத்தில் வாளியை விட்டுவிட்டு, வேலியை ஒட்டி இரண்டு வாய் கொண்ட வலைக்கூம்புப் பொறி வையுங்கள். பாம்புக்கு அதுவே மேல். நீளமான பாம்பு வாளியில் விழுந்தாலும் ஏறிப் போய்விடும், சுவர்ப்பல்லி வகைகளுக்கு வாளிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே வாளியில் வந்த எண்ணிக்கையைத் தரையோடிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

வாளி அடியில் ஐந்து மில்லிமீட்டர் துளை நான்கைந்து. உள்ளே நனைத்த பஞ்சுத்துண்டு, நிழலுக்கு ஓர் ஓட்டுச்சில்லு, மூஞ்சூறு ஏறிப் போக ஒரு குச்சி. விடிந்ததும் ஒரு முறை, பொழுது இறங்கும் முன் ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும். கோடையில் பத்து மணிக்கு மேல் மூடியே வையுங்கள். வாளியில் செத்துப்போகும் விலங்குகளை வெயிலை விட எறும்பு அதிகம் கொல்கிறது. எறும்புத் தடம் கண்ட வாளியை அன்றே மூடிவிட்டு வேறு இடம் பாருங்கள். ஓட்டுச்சில்லைக் கையால் எடுக்கக் கூடாது. எலிக்குஞ்சு விழுந்த வாளிக்கு நல்லபாம்பும் வந்து பார்க்கும். கொறங்காட்டில் மாடும் ஆடும் மேயும் நாட்களில் வாளியைத் திறந்து வைப்பது கால் ஒடிக்கிற வேலை. பட்டிக்காரரிடம் கேட்டு, மேய்ச்சல் வேறிடம் மாறிய பகுதியில் வையுங்கள். காப்பகத்துக்குள் காட்டுப்பன்றியும் யானையும் எதைப் பிடுங்கும், எதை விடும் என்று சொல்வதற்கில்லை.

தகரம் போட்டு அதன் அடியில் பாம்பு ஒதுங்குகிறதா என்று பார்க்கும் முறை ஐரோப்பாவில் நன்றாக நடக்கிறது. அங்கே காலைக் குளிரில் தகரம் சூடாவதே கவர்ச்சி. இங்கே மார்கழி, தை விட்டால் அதே தகரம் அடுப்பு. பதிலாக அறுபது சென்டிமீட்டர் சதுரப் பலகையையோ, இரண்டடுக்குத் தென்னந்தடுக்கையோ நிழலோரத்தில் போட்டு, ஒரு மாதம் தொடாமல் விட்டுப் பிறகு பார்க்கலாம். தடுக்கில் கறையான் ஏறும். ஏறட்டும், புழுப்பாம்புக்கு அதுதான் சாப்பாடு.

இன்னொரு பொறி ஏற்கனவே ஊரெல்லாம் வெட்டி வைத்தது: கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு. ஐம்பது அறுபது அடி ஆழத்தில் சாரையும் நல்லபாம்பும் உடும்பும் விழுந்து படிக்கட்டுப் பொந்துகளில் வாழும். தொலைநோக்கியோடு மேலே நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீட்க இறங்குவது தீயணைப்புத் துறையின் வேலை.

சாலையில் செத்துக் கிடப்பவையும் பட்டியலுக்கு உதவும். விடிந்த அரை மணிக்குள், காக்கை வருவதற்கு முன், இருசக்கர வண்டியில் இருபது கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில், ஓட்டுகிறவர் ஓட்ட, பின்னால் இருப்பவர் பார்க்க வேண்டும். பண்ணாரி - திம்பம் மலைச்சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது; அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் இரவுச் சாலைக் கணக்கெடுப்பு என்ற பேச்சே இல்லை. செத்த விரியனின் தலையைத் தொடாதீர்கள். துண்டான தலையும் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.

எது எது என்று தெரிவது

பெரிய தகராறு விஷமுள்ள கட்டுவிரியனுக்கும் விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கும். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் வெள்ளைப் பட்டை. வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் அகலமாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் மெல்லிய பட்டைகள், பல நேரம் இரண்டிரண்டாகத் தொடங்கி, வால் பக்கம் தெளிவாகும். பட்டை ஏமாற்றும், செதில் ஏமாற்றாது. கட்டுவிரியனின் முதுகு நடு வரிசைச் செதில்கள் மட்டும் அறுகோணமாகப் பெருத்திருக்கும், வாலடிச் செதில்கள் பிளவுபடாமல் ஒற்றையாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு நடு வரிசை மற்றவை போலவே, வாலடி இரட்டை. இதைப் பார்க்கப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பெருக்கிக் காட்டும் லென்ஸால் முதுகைப் படம் எடுத்தால் போதும். சந்தேகம் இருந்தால் அது கட்டுவிரியன் என்றே நடந்துகொள்ளுங்கள்.

வரையன் இனத்திலும் புதியவை உண்டு. லைக்கோடான் ஃபிளாவிகாலிஸ் என்ற மஞ்சள் கழுத்து வகை, கோவைக்கு மேற்கே ஆனைகட்டி மலையிலிருந்துதான் 2007-ல் விவரிக்கப்பட்டது. அடிவாரத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லா வரையனையும் ஒரே பெயரில் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

விசிறித்தொண்டை ஓணானிலும் இதே கதை. நெடுங்காலம் எல்லாமே சிட்டானா பாண்டிசெரியானா என்ற ஒரே பெயரில் இருந்தன. 2016-ல் பல வகைகளாகப் பிரித்தபோது இரண்டுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தார்கள்: சிட்டானா விசிறி, சிட்டானா மருதம்நெய்தல். அதற்கு முந்தைய எந்தப் பட்டியலிலும் உள்ள பழைய பெயரை அப்படியே எடுத்து எழுதினால் தவறாகப் போகலாம். விரித்த விசிறியின் பக்கவாட்டுப் படமும், அது மார்புக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறது என்ற அளவும் இருந்தால் பிறகு யாராவது சரிபார்க்கலாம். விசிறி இல்லாத பெண்ணையும் குஞ்சையும் சாதாரண ஓணான் குஞ்சிலிருந்து பிரிக்கப் பின்னங்கால் விரலை எண்ணுங்கள்: சிட்டானாவுக்கு நான்கு, ஓணானுக்கு ஐந்து.

பாம்புக்கண் பல்லியை அரணைக் குஞ்சென்று எழுதியவர்கள் நிறைய. அரணைக்கு உடல் எண்ணெய் தடவியது போல மின்னும். பாம்புக்கண் பல்லிக்கு மேல்செதில் சொரசொரப்பு, வால் உடலைப் போல் இரண்டு மடங்குக்குப் பக்கம், கண் சிமிட்டாது.

எந்த வகையானாலும் படத் தொகுதி ஒன்றே: முழு உடல், தலை மேலிருந்து, தலை பக்கவாட்டில், அடிவயிறு, பின்தொடையின் அடிப்பக்கம், பல்லியானால் விரலடித் தட்டுகள். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். ஐந்து ரூபாய்க் காசு வைப்பதை நிறுத்துங்கள், காசின் அளவு அச்சுக்கு அச்சு மாறியிருக்கிறது. நீளம் மூக்கு நுனியிலிருந்து எச்சத்துளை வரை தனியாக, வால் தனியாக. அறுந்து முளைத்த வால் என்றால் அதையும் எழுத வேண்டும்.

கேட்பது

ஊர்க்காரர்கள் தரும் தகவல் மதிப்பானது, கேட்கிற விதம் சரியாக இருந்தால். படத்தைக் காட்டி "இது இங்கே இருக்குதுங்களா?" என்று கேட்டால், வந்தவரை ஏமாற்ற மனமில்லாமல் "இருக்குதுங்க" என்பார்கள். "கடைசியா என்ன பாம்பு பார்த்தீங்க, எங்கீங்க, அப்ப என்ன வேலையா இருந்தீங்க?" என்று கேட்டால் கதையோடு இடமும் காலமும் வரும். பொழுது சாய்ந்த பிறகு ஆத்தாமார் பாம்பென்று சொல்லாமல் "பூச்சி" என்பார்கள். அதைத் தேள், பூரான் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மரத்தில் கண்டதெல்லாம் கொம்பேறி மூக்கன், பட்டை போட்டதெல்லாம் விரியன் என்பதால் பெயரை மட்டும் வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஆடு மேய்ப்பவர்களின் இடத் தகவல் துல்லியமானது; எந்தப் புற்று, எந்த வேலி முக்கு என்று கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

அனுமதி, பாதுகாப்பு

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் வருகிறது. ஆகவே சரணாலயத்துக்குள் நுழைய ஓர் அனுமதி, வாளிப்பொறிக்கும் கையில் பிடிப்பதற்கும் தனி அனுமதி, இரண்டும் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமிருந்து. சொந்தத் தோட்டமே ஆனாலும் இரண்டாவது தேவை. நடந்து பார்த்துப் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் காட்டுக்கு வெளியே நில உரிமையாளர் சம்மதம் போதும்.

முழங்கால் வரை கம்பூட்ஸ், கெட்டித் துணிக் கால்சட்டை, ஆளுக்கு இரண்டு விளக்கு. கிளம்பும் முன்பே விஷமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போக எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து நேரே மருத்துவமனை. நம் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே வேலை செய்யும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம், வீக்கமும் இருக்காது. "எறும்புதான்" என்று யாரும் தானே முடிவு செய்யக் கூடாது.

கணக்கு

ஒரு வகையை ஒரு முறை போய்ப் பார்க்க 30 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நான்கு முறை போயும் காணாமல் திரும்பும் வாய்ப்பு 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.24. அதாவது நான்கு சுற்று முடித்த பிறகும், அந்த வகை இருந்தும் காணாமல் போன இடங்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. 95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால் ஒன்பது முறை போக வேண்டும். உடும்புக்கும் மண்ணுளிக்கும் இந்த வாய்ப்பு முப்பதை விடக் குறைவு.

மொத்த வகைகளுக்கு சாவோ என்பவரின் எளிய மதிப்பீடு இருக்கிறது. கண்டது 23 வகை என்போம். அதில் ஒரே ஒரு முறை மட்டும் கண்டவை 6, இரண்டு முறை கண்டவை 3. ஆறின் வர்க்கம் 36. அதை மூன்றின் இரட்டிப்பான ஆறால் வகுத்தால் 6. ஆக, அங்கே இருப்பது குறைந்தது 29 ஆக இருக்கலாம். இது கீழ்வரம்பு. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து எந்த முறையிலும் சிக்காதவற்றை இந்தச் சூத்திரம் அறியாது. எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது ஒரே ஒரு தவறான அடையாளமே விடையை மூன்று வகை தூக்கிவிடும். அதனால்தான் அரணைக் குஞ்சுக்கும் பாம்புக்கண் பல்லிக்கும் மேலே அத்தனை வரி.

தகவலை வெளியிடும்போது நட்சத்திர ஆமைக்கும் மண்ணுளிக்கும் துல்லியமான இடத்தைச் சொல்லக் கூடாது. இரண்டும் கடத்தல்காரர் பட்டியலில் இருப்பவை. ஆமை 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. இருதலைப் பாம்பென்ற பொய்க்கு மண்ணுளி இன்னும் விலை போகிறது. வெளியே போகும் கோப்பில் தசமத்தில் ஓரிடம் மட்டும் வையுங்கள், அது பதினோரு கிலோமீட்டர் மங்கல். படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறியையும் நீக்கிவிட்டே பகிருங்கள்.

கடைசி நாளில் வாளிகளை எடுத்துவிட்டுக் குழியை மூடும்போது, தோண்டிய சுக்கான்கல்லை அடியிலும் செம்மண்ணை மேலேயும் போட்டு மிதித்துவிடுங்கள். வரிசை மாறிப் போட்டால் அந்த வட்டத்தில் அடுத்த மழைக்குக் கொழுக்கட்டைப்புல் எழாது, நிலத்துக்காரர் அடுத்த வருடம் வேலிப்படலைத் திறக்கவும் மாட்டார்.